தணிக்கைத் தடை இலக்கணம்: மூலமும் உரையும்

பாயிரம்

அரசுப் பணம் போகும் வழிகளுக்கு இலக்கணம் செய்தவர் கௌடில்யர். அதிகாரிகள் கருவூலத்தில் கைவைக்கும் முறைகள் நாற்பது என்று அர்த்தசாஸ்திரத்தில் எண்ணிக் காட்டியிருக்கிறார். கூடவே, தண்ணீருக்குள் மீன் எப்போது குடிக்கிறது என்று தெரியாததுபோல அதிகாரி எடுப்பதும் தெரியாது என்று ஓர் உவமையும் சொன்னார். அன்று முதல் தணிக்கைக் கருத்தரங்கம் எதுவும் அந்த மீனை நிம்மதியாக விட்டதில்லை. ஆனால் அவர் காலத்து மீன் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்கவில்லை. ஆகவே போன பணத்தைக் கேட்கும் முறைக்கும், கேட்டதற்கு வரும் விடைக்கும், விடை வந்த பின்னும் தீராமல் நிற்கும் மிச்சத்துக்கும் நூல் இல்லாத குறை நெடுங்காலமாக இருந்துவந்தது. அக்குறை நீக்க எழுந்தது இந்நூல்.

எல்லை, சென்னைச் சேப்பாக்கம் முதல் நெல்லை அபிஷேகப்பட்டி வரை. இடைப்பட்ட தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்கள் எல்லாம் அடங்கும். கேட்போர், பதிவாளர், நிதி அலுவலர், ஆட்சிக்குழு உறுப்பினர் முதலியோர். இந்த மாதம் ஓய்வூதியம் ஏறிற்றா என்று வங்கிப் புத்தகத்தைப் புரட்டும் முன்னாள் பேராசிரியரும் கேட்கலாம்; அவருக்குக் கட்டணம் இல்லை. பயன், அறம் பொருள் இன்பம் வீடு என்னும் நான்கனுள் எதுவும் அன்று. பத்தி நீக்கம் ஒன்றே. பத்தி என்பது தணிக்கை அறிக்கையில் ஒரு தடையை எழுதிவைக்கும் பகுதி.

வினவுவோர் இயல்

வினவுவார் பலரே; விடைபெறு வார்சிலர்;
முடித்துவைப் பார்யார் எனின்அது
முடிந்த பின்னர் மொழிதும் யாமே.

உரை: பல்கலைக்கழகக் கணக்கைக் கேட்க ஆள் இல்லை என்பாரும் உளர். அவர் கூற்று பொருந்தாது. கேட்பவர்கள் தேவைக்கு மேலேயே இருக்கிறார்கள்.

முதற்கண் நிற்பது நிதித் துறையின் கீழ் உள்ள உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை. பேரூராட்சியின் தெருவிளக்குக் கணக்கைப் பார்க்கும் அதே துறைதான் பல்கலைக்கழகத்தின் எலக்ட்ரான் நுண்ணோக்கிக் கணக்கையும் பார்க்கிறது. இதற்கென 2014-இல் தனிச் சட்டமும் வந்தது. சில பல்கலைக்கழகங்களில் தணிக்கை அலுவலகம் வளாகத்துக்கு உள்ளேயே அமைந்திருக்கிறது. கோயில் பூனை தேவருக்கு அஞ்சாது என்பர். இவ்விடத்தில் பூனை யார், தேவர் யார் என்பதில் உரையாசிரியர்கள் வேறுபடுவர்.

அடுத்தவர் இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவர். அரசியல் சட்டத்தின் 148 முதல் 151 வரையான பிரிவுகள் அவரைப் படைத்தன. 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, எந்த நிறுவனத்தின் கணக்குக்குள் அவர் நுழையலாம் என்று சொல்கிறது. அரசு தந்த மானியம் 25 லட்சத்துக்குக் குறையாமலும், அந்த நிறுவனத்தின் செலவில் முக்கால் பங்குக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். இந்த முக்காலை நினைவில் வைத்துக்கொள்க. வருமான வரித் துறைக்கு வேறொரு பின்னம் உண்டு. அது எச்சவியலில் வந்து சேரும்.

இனி உள்ளிருந்து கேட்போர். வேந்தர் ஆளுநர், இணைவேந்தர் உயர்கல்வி அமைச்சர், ஆட்சிக்குழுவில் உயர்கல்வித் துறைச் செயலர் பதவி வழி உறுப்பினர். அவர் உட்கார்ந்திருக்கும் குழு ஒரு செலவுக்கு ஒப்புதல் தரும். பின்னர் அவர் துறையிலிருந்தே அந்தச் செலவுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். ஒப்புதலும் விளக்கம் கேட்டலும் ஒருவர்க்கே உரியவாதலின் இதனைத் தற்கிழமை என்பதா, பிறிதின்கிழமை என்பதா? ஆறாம் வேற்றுமை தெரிந்தவர்களே தடுமாறும் இடம் இது.

ஆணையம் என்பது வினாவை ஓய்வுபெற்ற நீதிபதியிடம் ஒப்படைத்தல். அண்ணா பல்கலைக்கழகத்தின் அன்றைய துணைவேந்தர் மீது வந்த புகார்களை விசாரிக்க 2020 நவம்பரில் நீதிபதி கலையரசன் தலைமையில் ஒன்று அமைந்தது. 2021-இல் அறிக்கையும் கொடுத்தது. சூத்திரத்தின் மூன்றாம் அடியை மாணாக்கர் இங்கே மீண்டும் ஒருமுறை படித்துக்கொள்க.

திணையியல்

மோசடி விரயம் எனவிரு திணையே;
ஒப்பம் இன்றி ஒழிந்தது மோசடி;
ஒப்பத் தோடே ஒழிந்தது விரயம்.

உரை: பணம் போனது இரண்டிலும் ஒக்கும். வேறுபாடு கையொப்பத்தில். கோப்பில் உதவியாளர் முதல் துணைவேந்தர் வரை ஒப்பமிட்டிருந்தால் அது விரயம். ஒப்பம் இல்லாமல் போயிருந்தால் மோசடி. முன்னதற்குப் பத்தி எழுதப்படும். பின்னதற்கு வழக்குப் பதிவாகும்.

மோசடிக்கு உதாரணம். கோவையில் ஒரு துணைவேந்தர் 2018 பிப்ரவரியில் லஞ்ச ஒழிப்புத் துறையால் கைது செய்யப்பட்டார். உதவிப் பேராசிரியர் பணிக்காக 30 லட்சம் ரூபாய் வாங்கினார் என்பது குற்றச்சாட்டு. அதில் ரொக்கம் 1 லட்சம். மீதி 29 லட்சமும் காசோலை என்றது துறை. காசோலையில் ஒப்பம் உண்டே, அப்படியானால் இது விரயம் ஆகாதோ எனின், அற்றன்று. ஒப்பம் கொடுத்தவருடையது, வாங்கியவருடையது அன்று. சூத்திரம் பிழைத்தது. ஆயினும் லஞ்சத்தைக் காசோலையாக வாங்கலாம் என்னும் துணிவு ஒரு கல்வி நிறுவனத்தைச் சுற்றி எப்படி முளைத்தது என்னும் வினாவுக்கு இந்நூலில் விடை இல்லை; அது உளவியலார் ஆராய வேண்டியது.

விரயத்துக்கு உதாரணம் அண்ணாமலை. 1929-இல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகம், நிறுவனர் குடும்பத்தின் கையில் இருந்தபடியே அரசு மானியமும் பெற்றுவந்தது. சம்பளம் கொடுக்க வழியில்லாமல் நின்றபோது எண்ணிப் பார்த்தார்கள்: ஊழியர் 12,000-க்கும் மேல். 2013-இல் அரசு ஒரு நிர்வாகியை அனுப்பியது. அதே ஆண்டில் தனிச் சட்டம் இயற்றிப் பல்கலைக்கழகத்தையே தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. மிகையாக இருந்தவர்களை அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் பிரித்து அனுப்பும் வேலை ஆண்டுக்கணக்கில் நடந்தது. தமிழ்நாட்டின் பல ஊர்க் கல்லூரிகளில் ‘அண்ணாமலையிலிருந்து வந்தவர்’ என்று ஒரு தனி வகுப்பே உண்டாயிற்று. இவ்வளவு பேரும் ஒரே இரவில் வேலி தாண்டி உள்ளே குதித்தவர்கள் அல்லர். ஒவ்வொருவருக்கும் ஒரு நியமன ஆணை; ஒவ்வோர் ஆணையின் கீழும் ஓர் ஒப்பம். ஒப்பங்கள் எல்லாம் செல்லும். கூட்டுத் தொகைதான் செல்லவில்லை.

இங்கே நூலாசிரியன் தன் கருத்தைச் சொல்லக் கடமைப்பட்டவன். செய்தித்தாளில் வருவது மோசடி. பல்கலைக்கழகத்தைத் தின்பது விரயம். கைது செய்யப்பட்ட துணைவேந்தர்களை விரல்விட்டு எண்ணலாம். அவர்கள் வாங்கியதாகச் சொல்லப்படும் தொகை அத்தனையையும் கூட்டினாலும், விதிப்படி ஒப்பமிட்டுக் கரைத்த தொகைக்குப் பக்கத்தில் நிற்காது. விரயத்துக்காகக் கைதானவர் எவரும் என் நினைவில் இல்லை.

ஆகுபெயரியல்

ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புடைய மற்றொன்றுக்கு ஆகிவருதல். அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு வைத்த பணம் சம்பளத்துக்கு ஆகிவரும். ஓய்வூதிய நிதி கட்டடத்துக்கு ஆகிவரும். தொலைநிலைக் கல்வி மாணவர் கட்டிய கட்டணம் எல்லாவற்றுக்கும் ஆகிவரும். தொலைநிலைக் கல்விக்கு எல்லை வகுத்துப் பல்கலைக்கழக மானியக் குழு வெளிமாநில மையங்களை மூட வைத்தபோது கடைசி வகை வற்றிற்று. அதுவரை அது ஒரு பிரச்சினை என்பதே பலருக்குத் தெரியாது. இவ்வியலுக்கு இது போதும்.

விடையியல்

இல்லை என்பதும் ஆம்என் பதுவும்
நல்ல விடையெனல் நாட்டார் வழக்கே;
அலுவல் வழக்கில் அவைஇரண் டொழிந்த
ஆறே விடையென அறைந்தனர் புலவர்.

உரை: நன்னூலார் வினா ஆறு என்றும் விடை எட்டு என்றும் வகுத்தார். பவணந்தி முனிவர் பல்கலைக்கழக நிதிப் பிரிவில் வேலை பார்த்ததற்குச் சான்று இல்லை. ஆயினும் விடை எட்டையும் அங்கே வைத்துத்தான் சோதிக்க வேண்டும். வேறு எங்கும் இவ்வளவு தூய வடிவில் கிடைப்பதில்லை.

முதலில் வினா. தணிக்கையர் கேட்பது பெரும்பாலும் அறிவினா. ரசீது இல்லை என்று தெரிந்த பின்தான் ரசீது எங்கே என்று எழுதுகிறார். பதில் எழுதுபவருக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டே அதை அறியா வினாவாகப் பாவித்து, தெரியாதவருக்கு விளக்கும் பொறுமையோடு பதில் எழுதுவார். கொளல் வினாவும் கொடை வினாவும் இவ்விடத்து வாரா என்பது மரபு. வந்தால் அவை லஞ்ச ஒழிப்புத் துறையின் நூலில் சேரும்.

இனி விடை. எடுத்துக்காட்டுக்கு ஒரு வினாவை வைத்துக்கொள்வோம்: ‘ஒப்பந்தப்புள்ளி கோராமல் கணினிகள் வாங்கியது ஏன்?’ இதற்கென 1998-லிருந்தே மாநிலத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்க வேண்டா. இலக்கணத்தில் சாத்தனுக்கும் கொற்றனுக்கும் ஊர் சொல்வதில்லை.

சுட்டு விடை: ‘மேற்படி கோப்பு கொள்முதல் பிரிவில் உள்ளது.’ கொள்முதல் பிரிவுக்கு எழுதினால் கோப்பு கணினி மையத்தில் உள்ளது. கணினி மையத்துக்கு எழுதினால் தணிக்கையின் பொருட்டு ஏற்கெனவே நிதிப் பிரிவுக்கு அனுப்பப்பட்டுவிட்டது. அ, இ, உ எனச் சுட்டு மூன்றே கண்ட முன்னோர், புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும் இந்த நான்காம் சுட்டைக் கண்டிலர்.

ஏவல் விடை: ‘மூல ஆவணங்கள் அலுவலகத்தில் உள்ளன, தணிக்கைக் குழு நேரில் சரிபார்த்துக்கொள்ளலாம்.’ கேட்டவரையே வேலைக்கு அனுப்புவது. குழு நேரில் வரும் நாளில் அறையின் சாவி வைத்திருப்பவர் விடுப்பில் இருப்பார். அவர் விடுப்புக்கு ஒப்பம் உண்டு.

வினா எதிர் வினாதல்: ‘தன்னாட்சி பெற்ற நிறுவனத்துக்கு மேற்படி விதி பொருந்துமா எனத் தெளிவுரை வழங்கக் கோரப்படுகிறது.’ தன்னாட்சி உயர்ந்த பொருள். என்ன கற்பிப்பது, யாரை ஆய்வுக்குச் சேர்ப்பது, எதைத் துணிந்து சொல்வது என்பதில் பல்கலைக்கழகம் யாரையும் கேட்க வேண்டியதில்லை என்பதற்காகத் தோன்றிய சொல் அது. அந்த இடங்களில் அதை யாரும் எடுப்பதைக் காணோம். நாற்காலி, கணினி, கார் வாங்கும் கோப்புகளில்தான் அது தவறாமல் உறைந்திருக்கிறது.

உற்றது உரைத்தல்: ‘அக்காலத்தில் அப்பிரிவில் பணியாற்றிய அலுவலர் ஓய்வு பெற்றுவிட்டார்.’ இதன் உட்பிரிவுகள் மழை, கரையான், மின்கசிவு, அலுவலக இடமாற்றம். மழை உரைப்பவர் கீழ்த்தளத்தில் கோப்பு வைத்தவராக இருத்தல் வேண்டும். மூன்றாம் தளத்தவர் கரையான் உரைத்தலே முறை.

இனமொழி விடை: ஒன்று கேட்க அதற்கு இனமானது ஒன்று சொல்லுதல். ‘இக்கணினிகளால் மாணவர் பெரிதும் பயனடைந்துள்ளனர். நாக் மதிப்பீட்டில் பல்கலைக்கழகம் உயர்தரம் பெற்றுள்ளது.’ இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். ஒப்பந்தப்புள்ளி பற்றித்தான் பேச்சே இல்லை.

இவை எல்லாவற்றுக்கும் தலையாயது உறுவது கூறல்: ‘உரிய நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டு, விவரம் தணிக்கைக்குப் பின்னர்த் தெரிவிக்கப்படும்.’ இதில் பொய் ஒன்றும் இல்லை. எதிர்காலத்தைப் பற்றிய கூற்றைப் பொய் என்று யாரும் நிறுவ முடியாது. அடுத்த ஆண்டும் இதே விடையை எழுதலாம், அப்போதும் அது எதிர்காலமாகவே இருக்கும். புதிதாகச் சேர்ந்த இளநிலை உதவியாளருக்கு மூத்தவர் முதலில் கற்றுக்கொடுக்கும் வாக்கியமும் இதுவே.

மறை விடையும் நேர் விடையும் விலக்கப்பட்டமைக்குக் காரணம் கூறுவாம். ‘ஆம், கோரவில்லை’ என்று ஒருவர் எழுதினால் அந்தப் பத்தி அன்றே முடிந்துபோகும். அடுத்த படி பணத்தை வசூலிப்பது. ‘ரசீது இல்லை’ என்று எழுதினாலும் அப்படியே. மற்ற ஆறும் பத்தியை உயிரோடு வைத்திருக்கும். உயிரோடு இருக்கும் பத்தியால் யாருக்கும் தீங்கில்லை என்பது அலுவலகத்தாரின் துணிபு. அது பிழை என்பது அடுத்த இயலில் விளங்கும்.

இன்னும் ஒன்று. விடை எழுதுவோரை மட்டும் பழிப்பது முறையன்று. வினாவின் வாக்கியத்தையும் பார்க்க வேண்டும். ‘விதிகளுக்குப் புறம்பாகச் செலவினம் மேற்கொள்ளப்பட்டுள்ளது’ என்று எழுதுகிறது தணிக்கை. செயப்பாட்டுவினை, எழுவாய் செலவினம். மேற்கொண்டது யார்? வாக்கியத்தில் அவருக்கு இடமே இல்லை. தொகை பைசா வரை இருக்கிறது. விதி எண் இருக்கிறது. வவுச்சர் எண்ணும் தேதியும் இருக்கின்றன. ஆள்தான் இல்லை.

எச்சவியல்

தணிக்கைத் தடையெனப் படுவது யாதெனின்
எழுதினோர் மாறியும் செலவிட்டோர் ஓய்ந்தும்
பதிவேட் டகத்துப் பத்தி
நரைதிரை இன்றி நாளும் வாழ்வதே.

உரை: முற்று, எச்சம் என வினை இருவகைப்படும். முற்றுப் பெற்றவை சிலவே. துறையாரும் பல்கலைக்கழகத்தாரும் ஒரு மேசையில் உட்காரும் கூட்டமர்வில் சிறு தொகைப் பத்திகள் சில நீக்கப்படும். தேநீர்ச் செலவு, பயணப்படியில் கணக்குப் பிழை போன்றவை. பெருந்தொகைப் பத்திகள் ‘நிலுவை’ என்ற பெயரோடு அடுத்த ஆண்டறிக்கைக்குக் குடிபெயரும்.

எச்சங்களுள் சிறியது சரிக்கட்டப்படாத முன்பணம். கருத்தரங்குக்கோ தேர்வுப் பணிக்கோ ஒருவர் முன்பணம் வாங்குவார், கருத்தரங்கு நடக்கும், ரசீதுகள் சட்டைப்பையில் தங்கிவிடும். இது மோசடி அன்று, பெரும்பாலும் சோம்பல். ஆனால் ஓய்வு பெறும் நாளில் தடையில்லாச் சான்று கேட்டுப் போகும்போது அந்தப் பத்தி எழுந்து நிற்கும். ஒருவருடைய பெயரோடு எழுதப்படும் பத்தி அநேகமாக இது ஒன்றே. சில ஆயிரத்துக்குப் பெயர் உண்டு, பல கோடிக்குப் பெயர் இல்லை என்பது இவ்விலக்கணத்தின் விதிவிலக்கில்லாத விதிகளுள் ஒன்று.

கோடிகளுக்கு ஆள் இல்லாததால் தண்டனை நிறுவனத்தின் மேல் விழுகிறது. எப்படி என்பதற்குச் சேப்பாக்கமே சான்று. 1857-இல் பிறந்த சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு, தணிக்கைத் தடைகளைக் காட்டி மாநில அரசு மானியத்தைக் குறைத்துவந்தது என்பது அங்குள்ளவர்களின் நெடுநாள் புகார். தடை தீர்ந்தால் பணம் வரும். ஆறு விடைகளால் தடை தீராது. ஆகவே பணம் வராது. இந்த இடத்தில்தான் முன்னே சொன்ன இரண்டாவது பின்னம் நுழைகிறது. வருமான வரி விதிப்படி, ஒரு பல்கலைக்கழகத்தின் வரவில் பாதிக்கு மேல் அரசு தந்தால்தான் அது அரசின் கணிசமான நிதியில் நடப்பது. அதற்கே இயல்பான வரிவிலக்கு. மானியம் பாதிக்குக் கீழே போனால் நூற்றைம்பது ஆண்டு கடந்த அரசுப் பல்கலைக்கழகமும் வரித்துறைக் கண்ணுக்கு வேறு ஆள். 2024 பிப்ரவரியில் 424 கோடி ரூபாய் வரி கேட்டு அதன் வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டன.

ஆக, ஒரு காலத்தில் யாரோ ஒப்பமிட்ட செலவு; அதற்கு ஒரு பத்தி; பத்தியின் பெயரால் மானியக் குறைப்பு; குறைந்த மானியத்தின் பெயரால் வரி; வரியின் பெயரால் முடக்கம். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பதற்கு இதைவிட நீளமான உரை எழுத இயலாது. அதே ஆண்டில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் சம்பளமும் ஓய்வூதியமும் தேதிக்கு வராமல் ஊழியர்கள் போராடினார்கள். அவர்களில் எவரும் கொள்முதல் கோப்பில் ஒப்பமிட்டவர் அல்லர் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலோர் அல்லர்.

ஒப்பமிட ஆளே இல்லாத நிலையும் எச்சத்துள் அடங்கும். ஆளுநருக்கும் அரசுக்கும் இடையிலான நியமன வழக்கில் துணைவேந்தர் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டில் ஒருவர் பதவிக்காலம் முடிந்த பின், நெடுங்காலம் ஒருங்கிணைப்புக் குழுதான் நடத்தியது. ஒப்பம் பலர்க்கு உரியதாயின் பொறுப்பு யார்க்கும் உரித்தன்று என்பது துணைவிதி.

இதற்கு மாறான மரபு இந்நாட்டில் இல்லையோ எனின், உண்டு. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலைத் தேர்தலுக்காகவே அவற்றைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் இடக்கூடாது என்ற விதியும் அங்கேதான் இருக்கிறது. அவர் பெயரை மட்டும் அன்று; சிற்றன்னை, பேரன்னை, அத்தை, மாமன் பிள்ளைகள் எனச் சுற்றத்தையே விலக்குகிறார்கள். சுற்றத்தை விலக்குவது கொடுமை. இன்றைக்கு எந்த நீதிமன்றமும் ஏற்காது. ஆனால் சபையோர் ஊருக்கு வரும் பணத்தை நிறுத்திவைத்து ஏரி மதகைப் பழுதாக விடவில்லை. கணக்குக் காட்டாதவர் யார் என்பதை அவர்கள் முதலில் எழுதி வைத்திருக்க வேண்டும். பெயர் இல்லாமல் ஒருவரைக் குடத்திலிருந்து விலக்க முடியாது.

புறனடை

சொல்லாது ஒழிந்தனவும், இனிப் புதிதாகத் தோன்றுவனவும் மேற்கூறியவற்றுள் அடக்கிக்கொள்ளப்படும். அடக்குதற்கு அரிது ஒன்று 2024 ஜூலையில் வந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பெற்ற பொறியியல் கல்லூரிகளில் காட்டப்பட்ட ஆசிரியர்களுள் 353 பேர் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேரம் வேலை பார்ப்பதாகப் பதிவாகியிருக்கிறது என்று ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியிட்டது. தொடர்புடைய கல்லூரிகள் 224; ஒருவர் பெயர் 11 கல்லூரிகளில் இருந்தது. ஒருமையே பன்மையாக வரும் இப்புணர்ச்சிக்கு விதி எந்த நூலிலும் இல்லை. பொதுவெளியில் கிடந்த பட்டியல்களை ஒப்பிட்டே வெளியார் இதைக் கண்டார்கள். ஆண்டுதோறும் ஆய்வுக்குழு அனுப்பி, ஆய்வகத்தையும் ஆசிரியரையும் பார்த்து இணைப்பு வழங்கியது பல்கலைக்கழகம்.

இவ்விடத்தில் பல்கலைக்கழகம் இடம் மாறி அமர்ந்திருக்கிறது. மேசைக்கு இந்தப் பக்கம், தணிக்கையரின் நாற்காலியில். கல்லூரிகளுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் போயிற்று. வரும் விளக்கங்களை எட்டனுள் எதில் அடக்குவது என்பதில் அவர்களுக்குச் சிரமம் இராது. அவற்றை எழுதிப் பழகிய கை அவர்களுடையது.